டீ-ஐசிங் பூட்: இறக்கையின் ரப்பர் உறை பற்றி ஒரு பராமரிப்பாளரின் மதிப்பீடு

சிறிய பிசினஸ் ஜெட் விமானங்களின் இறக்கை முன்விளிம்பில் கறுப்புப் பட்டையாகத் தெரியும் ரப்பர் உறையைத்தான் டீ-ஐசிங் பூட் என்கிறோம். எஞ்சினிலிருந்து எடுக்கப்படும் அழுத்தக் காற்று உறைக்குள் இருக்கும் குழல்களைச் சில விநாடிகள் உப்பவைக்க, மேலே படிந்த பனிக்கட்டி உடைந்து காற்றோடு போய்விடுகிறது. மற்ற நேரங்களில் உறிஞ்சு விசை உறையை இறக்கையோடு படிய வைத்திருக்கிறது.

1930களிலேயே விமானங்களில் ஏறிவிட்ட இந்தப் பழைய உத்தி இன்னும் நிலைத்திருப்பதற்குக் காரணம் சிக்கனம். பனி படியாதபடி முன்விளிம்பு முழுவதையும் சூடாக வைத்திருக்கும் அளவுக்குச் சூடான காற்றை விட்டுக்கொடுப்பது சிறிய எஞ்சினுக்குப் பெருஞ்சுமை. ஆகவேதான் சைட்டேஷன் மஸ்டாங், ஃபீனம் 100 போன்ற சிறிய ஜெட்களில் பூட் இருக்கிறது. ஃபீனம் 300 சூடான காற்றுக்கு மாறிவிட்டது.

ஆனால் பனி படிந்த பிறகே இது வேலை செய்யும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மிச்சமும் வைக்கும். கால் அங்குலமாவது சேர்ந்த பின்பே உப்பவைக்க வேண்டும் என்ற பழைய பாடம் இன்றைய பூட்டுகளுக்குப் பொருந்தாது என்றாலும், அதை விடாமல் பிடித்திருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். ஃபீனம் 100-இல் பூட்டை இயக்கும் சுவிட்சைப் போட்டால் அதிக வேகத்தில் தரையிறங்க வேண்டும், நீளமான ஓடுபாதையும் வேண்டும். 2014 டிசம்பர் 8 அன்று அமெரிக்காவின் கெய்தர்ஸ்பர்க்கில் அவ்வகை விமானம் ஒன்று வீடுகள் மீது விழுந்து, உள்ளே மூவரும் தரையில் மூவரும் இறந்தனர். பனி படியும் சூழலில் தரையிறங்க நெருங்கியபோது விமானி இந்த அமைப்பை இயக்கவில்லை என்பது விசாரணை முடிவு.

பராமரிப்பில் என்னைப் படுத்துவது ஊசித்துளை. எரிபொருள் குழாயை முன்விளிம்பின் மேல் இழுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு ரப்பரின் அருமை தெரிவதில்லை. அந்தத் துளை வழியாக உறிஞ்சு விசை மழைநீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். உயரத்தில் அந்த நீர் பூட்டின் காற்றுக்குழாயில் உறைந்துவிட்டால், தரையில் ஒழுங்காக உப்பிய பூட் தேவைப்படும் நேரத்தில் அசையாது. சோப்புநீர் தடவி, குமிழி வரும் இடத்தைத் தேடி, ஒட்டுப்போட்டால் தற்போதைக்குச் சரியாகும். பழைய விமானம் வாங்குகிறவர்கள் இருக்கைத் தோலைத் தடவிப் பார்ப்பதற்கு முன், பூட்டை ஒருமுறை உப்பவைக்கச் சொல்லி, ஒட்டுகளை எண்ணிவிடுவது நல்லது.