முழங்கால்ல புது சவ்வு வளர்த்துத் தாரோம்னு 3,60,000 ரூபாவ எடுத்துட்டாங்க. மலையகச் சொந்தங்களே, கவனம்!

அம்மாவோட ஈபிஎப் காசு, 3,60,000 ரூபா, போச்சு. அரசாங்க ஆஸ்பத்திரி எலும்பு டொக்டர் நேத்துதான் விஷயத்தப் புட்டுப் புட்டு வச்சார். ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல.

இடத்தோட பேரு போடல. ஞாயிற்றுக்கிழமையில டவுன்ல பார்மசிக்கு மேல ரூம் எடுத்து, "ஆபரேஷன் இல்லாம மூட்டு வைத்தியம்"னு நடத்துற கூட்டம். தலவாக்கலை, ஹட்டன் பக்கம் இருக்கிறவங்க இந்த மாதிரி நோட்டீஸ் பாத்திருப்பீங்க.

அம்மா வாழ்க்கை பூரா மலையில கொழுந்து எடுத்தவங்க. ரெண்டு முழங்காலும் தேஞ்சு, லயத்துப் படி இறங்கவே ஆள் பிடிக்கணும். அந்த ரூம்ல இருந்த பையன், டொக்டர் இல்ல, ஆள் சேக்கிறவன், தரையில உக்காந்து அம்மா காலைத் தன் மடியில தூக்கி வச்சான். "நானும் லயத்துப் புள்ளதான்மா. எங்கம்மாவும் கொழுந்து எடுத்துத்தான் என்னப் படிக்க வச்சாங்க"ன்னான். அம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. எந்த கிளினிக்லயும் அவங்ககிட்ட தமிழ்ல இப்படி யாரும் பேசினதில்ல. "உங்க இரத்தத்துல இருந்தே வளர்ச்சிக் காரணி எடுத்து, குருத்தெலும்பு ஒட்டு வைக்கிறோம், ஆறு மாசத்துல புதுசா வளந்துரும்"னு போன்ல படம் காட்டினான். குருத்தெலும்புன்னா மூட்டுல எலும்பு ரெண்டும் உரசாம இருக்கிற அந்தச் சவ்வுதான். "கோயில் படி ஏறுவேனா தம்பி?"ன்னு அம்மா கேட்டாங்க. "தேரே இழுப்பீங்கம்மா"ன்னான். அந்த ஒரு சொல்லுக்குத்தான் 3,60,000 ரூபா.

செஞ்சது என்ன? கையில இரத்தம் எடுத்து, சின்ன மெஷின்ல சுத்தி, மேல தெளிஞ்ச மஞ்சள் தண்ணிய முழங்கால்ல ஊசியா ஏத்தினாங்க. சில ஞாயிறு அதையே திரும்பச் செஞ்சாங்க. அவ்வளவுதான்.

வலி குறையலன்னு கோல் எடுத்தா, "வளர நேரம் எடுக்கும் மிஸ்." அப்புறம், "அம்மா படி ஏறினாங்களா? அதான் கெட்டுப்போச்சு." லயத்துல படி ஏறாம எங்க போறதாம்? அப்புறம், "டொக்டர் வெளிநாட்டுல." கடைசியா இன்னொரு எக்ஸ்ரே எடுத்து, "பாருங்க, இடைவெளி கூடியிருக்கு, சவ்வு வளந்திருச்சு"ன்னு வட்ஸ்அப்ல அனுப்பினாங்க. காசத் திருப்பிக் கேட்டதும் என் நம்பர பிளாக் பண்ணிட்டாங்க.

ரெண்டு எக்ஸ்ரேயையும் ஆஸ்பத்திரி டொக்டர்கிட்ட காட்டினேன். முதல்ல எடுத்தது அம்மா நிக்கும்போது, ரெண்டாவது படுத்திருக்கும்போது. நின்னா உடம்புப் பாரம் எலும்பு ரெண்டையும் நெருக்கும், படுத்தா இடைவெளி கூடினாப்ல தெரியும். குருத்தெலும்பே எக்ஸ்ரேயில தெரியாதாம், எலும்புக்கு நடுவுல உள்ள இடைவெளியத்தான் பாக்கலாமாம். எவ்வளவு கேவலமான வேலை!

இவங்க போட்டது பி.ஆர்.பி. ஊசி, அதாவது நம்ம இரத்தத்துல இருந்தே பிரிச்சு எடுக்கிற பிளாஸ்மா தண்ணி. அதுல வளர்ச்சிக் காரணி, அதாவது திசு வளரத் தூண்டுற புரதம், இருக்கிறது நெசந்தான், ஆனா ஒட்டு இல்ல. குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் கிடையாது, அதனால தேஞ்சா லேசுல ஆறாது. ஒட்டுன்னா மூட்டத் திறந்து, நம்ம எலும்போட சேத்துக் குருத்தெலும்புத் துண்டு எடுத்து வைப்பாங்க. இல்லன்னா குருத்தெலும்போட செல்லுகள லேப்ல வாரக்கணக்கா வளர்த்து, ரெண்டாவது ஆபரேஷன்ல வைப்பாங்க. சுவீடன் டொக்டர்மார் இதப்பத்தி 1994லயே எழுதியிருக்காங்க. அதுவும் அடிபட்டு ஒரு இடத்துல மட்டும் பள்ளம் விழுந்த, வயசு குறைஞ்ச ஆளுக்குத்தான் பொருந்துமாம். அம்மா மாதிரி மூட்டு முழுக்கத் தேஞ்சவங்களுக்கு இல்ல. 2021ல அவுஸ்திரேலியாவுல மூட்டுத் தேய்வு உள்ள 288 பேர்ல பாதிப் பேருக்கு பி.ஆர்.பி.யும் மீதிப் பேருக்கு உப்புத் தண்ணி ஊசியும் போட்டுப் பாத்திருக்காங்க. ஒரு வருஷம் கழிச்சு வலியிலயும் சரி, குருத்தெலும்பு அளவுலயும் சரி, சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. அதுக்கு எங்கம்மாகிட்ட 3,60,000 ரூபா!

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுத நெனச்சேன், மனசு ஓடல. ஊசி போடுறவரோட இலங்கை மருத்துவ சபைப் பதிவு நம்பரக் கேளுங்க. தனியார் கிளினிக்னா 2006ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு இருக்கணும், அதையும் காட்டச் சொல்லுங்க. ஒரே நாள் ஊசியில "ஒட்டு"ன்னு சொன்னா எந்திரிச்சு வந்துருங்க. முன்னால அரசாங்க கிளினிக்ல காட்டுங்க, வரிசை நீளம்தான், ஆனா காசு இல்ல.

எங்க ரிசீட்ல "சிகிச்சைக் கட்டணம்"னு மட்டும் இருக்கு, மருந்துப் பேரும் இல்ல, டொக்டர் பேரும் இல்ல. இவங்ககிட்ட யாராச்சும் காசு கட்டியிருந்தா ரிசீட், எக்ஸ்ரே, வட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிச்சிராதீங்க. இன்பொக்ஸ் வாங்க, சேந்து முறைப்பாடு போடுவோம்.