நீந்தித் தேடுவதா, மிதந்து கிடப்பதா: இரண்டு கடல் பற்றீரியாக்கள்

மட்டக்களப்பு வாவியில் ஒரே வருடத்துக்குள் தண்ணீரின் குணமே மாறிவிடுகிறது. மாரி வெள்ளத்தில் உப்பு இறங்கும், வெள்ளம் வடிந்து முகத்துவாரத்தால் கடல்நீர் உள்ளே வர மறுபடி ஏறும். இப்படிப்பட்ட இடத்தில் எந்தப் பற்றீரியா நின்றுபிடிக்கும்? எனக்குத் தெரிந்து நேரெதிரான இரண்டு பேர் இருக்கிறார்கள்.

முதலாவது விப்ரியோ பராஹீமோலைட்டிகஸ், 1950 இல் ஜப்பானின் ஒசாக்காவில் உணவு நஞ்சானபோது பிடிபட்டது. இதன் ஒரு முனையில் ஒரு சவுக்குமுளை, அதாவது நீந்த உதவும் வால் போன்ற இழை, அதைச் சுழற்றுவது உப்பிலிருந்து வரும் சோடியம் அயன். இதன் உறவுக்கார இனமொன்றில் அளந்தபோது செக்கனுக்கு 1,700 சுற்று வரை போயிருக்கிறது, அதாவது நிமிடத்துக்கு ஒரு லட்சம், எந்த மோட்டார் சைக்கிளும் கிட்ட வராது. ஆனால் எனக்குப் பிடித்தது வேகமில்லை. இறால் ஓட்டிலோ வலையிலோ முட்டி அந்தச் சுழற்சி தடைப்பட்டால், அந்தத் தடையே ஒரு சைகையாகி, உடம்பைச் சுற்றிப் பல சவுக்குமுளைகள் முளைக்கின்றன, அவை சோடியத்தில் அல்ல, புரோத்தனில் (ஐதரசன் அயனில்) ஓடுபவை, அதோடு நீந்தியது ஊரத் தொடங்கிவிடும். சைக்ளிக் டை-ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறு உள்ளே கூடினால் ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் கிளம்பும். இரை கிடைத்தால் மளமளவென்று பெருகும்.

இரண்டாவது பெலாஜிபாக்டர், மிதந்தே வாழும் கடல் பற்றீரியா. இதற்கு இதெல்லாம் கிடையாது. சவுக்குமுளையே இல்லை. விப்ரியோவிடம் ஏறத்தாழ 4,800 பரம்பரை அலகுகள் இருக்க, இதனிடம் 1,350 அளவில்தான், அதிலும் நிலைமைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் பகுதி மிகக் கொஞ்சம். உடம்பைச் சிறிதாக வைத்து, கரைந்திருக்கும் துளித்துளிச் சத்தை உறிஞ்சி, வெயிலிலிருந்தும் கொஞ்சம் சக்தி எடுத்துக்கொண்டு, ஓரிரு நாளுக்கு ஒருமுறை இரண்டாகிறது. விருந்து வைத்தாலும் அவசரப்படாது. 2002 இல்தான் இதை ஆய்வுகூடத்தில் வளர்க்க முடிந்தது.

சோம்பேறி என்று நினைக்காதீர்கள். நடுக்கடலின் மேல்நீரில் நாலில் ஒரு பங்கு நுண்ணுயிர் இதன் கூட்டம்தான்.

வாவிக்கு என்றால் என் வாக்கு விப்ரியோவுக்கே, ஒரு குறையோடு: வெள்ளத்தில் சோடியம் இறங்கினால் அந்த மோட்டார் மந்தமாகிவிடும். இறால் பண்ணைக்காரருக்கு அது ஆறுதல் இல்லை. குளத்தடியில் மிஞ்சிய தீனி விப்ரியோவுக்கு நல்ல விருந்து, சில வகைகள் இறாலின் ஈரலையே அழிக்கும் நஞ்சையும் சுமக்கின்றன. ஆகவே மருந்தைத் தேடுமுன் தீனியை அளந்து போடுங்கள்.