பி.டி.இ. தேர்வின் உரக்க வாசித்தல் பகுதிக்கு மாணவர்களைத் தயார்ப்படுத்திய அனுபவம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆங்கில வகுப்பு நடத்தும் நான், மேற்படிப்புக்கோ தாதியர் பணிக்கோ ஆஸ்திரேலியா செல்ல விரும்பும் நம் பிள்ளைகளைப் பல ஆண்டுகளாகப் பி.டி.இ. அகாடமிக் என்னும் கணினிவழி ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தயார்ப்படுத்தி வருகிறேன். எளிதுதானே என்று பலர் அலட்சியமாக விட்டு, மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் பகுதி 'ரீட் அலவுட்' என்னும் உரக்க வாசித்தல்.

திரையில் 60 சொற்களுக்கு மிகாத ஒரு பத்தி தோன்றும். அதைப் பார்த்துக்கொள்ள 30 முதல் 40 வினாடிகள் கிடைக்கும். பிறகு ஒரு சிறு ஒலி எழுந்து ஒலிவாங்கி திறந்துகொள்ளும். ஒருமுறைதான் பதிவு செய்ய முடியும், மூன்று வினாடிகள் மௌனமாக இருந்தால் பதிவு நின்றுவிடும். உள்ளடக்கம், சரளம், உச்சரிப்பு ஆகிய மூன்றையும் கணினியே மதிப்பிடுகிறது. விடுபட்ட சொல், மாறிப்போன சொல், கூடுதலாகச் சேர்த்த சொல் ஒவ்வொன்றும் உள்ளடக்கத்தில் பிழையாகும்.

வகுப்பில் நான் மிகுதியாகப் போராடுவது, தடுக்கிய சொல்லுக்குத் திரும்பிச் செல்லும் பழக்கத்தோடுதான். 'என்வி... என்வைரன்மென்டல்' என்று திருத்தி வாசிக்கும் மாணவிக்குத் தான் நேர்மையாகத் தவற்றைச் சரிசெய்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் தயக்கமும் மறுவாசிப்பும் சரளத்தைக் குறைப்பதால், போன சொல் போகட்டும், அடுத்ததைப் பிடி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் முன் நின்று பிழையைத் திருத்திப் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது உண்மையிலேயே கடினம்.

அடுத்தது சொல்லின் கடைசி ஒலி. 'ஆஸ்க்ட்' என்பது 'ஆஸ்' என்று தேய்ந்துவிடுகிறது, 'ரிசல்ட்ஸ்' என்பது 'ரிசல்' ஆகிவிடுகிறது. சிலர் அதற்கு நேர்மாறாக 'டெஸ்ட்டு', 'புக்கு' என்று உகரம் சேர்க்கிறார்கள். கண்ணாடியைப் பார்த்தபடி இறுதி மெய்யை மட்டும் மெதுவாக வெளியிடச் செய்யும் பயிற்சி, எந்தச் செயலியையும்விட எனக்குப் பலன் தந்திருக்கிறது. வெள்ளைக்காரரைப் போலப் பேச வைக்க வேண்டும் என்று கேட்கும் பெற்றோரிடம், புரியும்படி தெளிவாகப் பேசுவதே அளவுகோல், குரலை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்று விளக்குகிறேன்.

செயலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் பயன்படுத்திய ஒரு பயிற்சிச் செயலி, மூச்சுவிடாமல் வேகமாக வாசித்தவர்களுக்கே நல்ல மதிப்பெண்ணை வாரி வழங்கியது. அந்த எண்ணை நம்பிய மாணவர்கள் முற்றுப்புள்ளியைக்கூட மதிக்காமல் ஓடத் தொடங்கியதால், அதன் மதிப்பெண்ணைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டோம். இப்போது கைப்பேசியில் பதிவு செய்து, அச்சிட்ட பத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களே கேட்டுத் தங்கள் பிழைகளைக் குறிக்கிறார்கள். முதலில் பத்தியைப் பொருள் பிரியும் இடங்களில் பென்சிலால் கோடிட்டு வாசிப்பார்கள். கோடுகள் பழகியபின் கோடில்லாத பிரதியைத் திரையில் வாசிப்பார்கள்.

தேர்வறையில் சுற்றிலும் பலர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். அதற்காக இறுதி வாரங்களில் நாலைந்து பேரை ஒரே அறையில் அமர்த்தி, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு பத்தி கொடுத்து, ஒரே சமயத்தில் வாசிக்க வைக்கிறேன். ஒலிவாங்கியை உதட்டுக்கு நேராக வைக்காமல் சற்றுக் கீழே தள்ளி வைக்கவும் அப்போதே பழக்கிவிடுவதால், மூச்சுக்காற்று மோதும் இரைச்சல் பதிவில் விழுவதில்லை.