ஹிமாலயன் 450-க்கு எதை மாட்டலாம், எதற்குக் காசு தண்டம்

பைக் டெலிவரி எடுக்கப் போகிற அன்றைக்கே ஆக்சஸரீஸ் லிஸ்ட் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள், எந்த கம்பெனி ஷோரூமாக இருந்தாலும் இது நடக்கும், புது வண்டி சந்தோஷத்தில் பாதி லிஸ்டுக்கு டிக் அடித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் அன்றைக்கு ஒரு கிராஷ் கார்டோடு (வண்டி சாய்ந்தால் அடியைத் தாங்குகிற கம்பிச் சட்டம்) நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் முதல் சர்வீஸ் முடியட்டும். எது இடிக்கிறது, எது குறைகிறது என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450-இல் நான் மாட்டியது, மாட்டிவிட்டுக் கழற்றியது, நண்பர்கள் வண்டியில் ஓட்டிப் பார்த்தது எல்லாவற்றையும் வைத்து இதை எழுதுகிறேன். சென்னையில் இருந்துகொண்டு ஏலகிரி, கொல்லிமலை, வால்பாறை, கன்னியாகுமரி என்று சுற்றுகிற ஆளின் கணக்கு இது. லடாக் போகிறவருக்குக் கொஞ்சம் மாறும்.

முதலில் காசே செலவில்லாதது. இந்த வண்டியின் சீட்டை 825 மில்லிமீட்டரிலிருந்து 845-க்கு ஏற்றலாம். 20 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் ஐந்தே முக்கால் அடிக்கு மேல் இருக்கிறவர்களுக்கு முழங்கால் மடிப்பு குறைந்து அரை நாள் ஓட்டினாலும் வலி வராமல் இருப்பது அதனால்தான். தினமும் ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் கால் ஊன்றி ஊன்றிப் போகிறவர் என்றால் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கிளட்ச், பிரேக் லீவர் இரண்டையும் உங்கள் மணிக்கட்டு நேராக நிற்கிற கோணத்துக்குத் திருப்பி வையுங்கள். திருப்பும்போது கிளாம்ப் போல்ட்டை முழு பலத்தோடு இறுக்க வேண்டாம். கையால் பலமாகத் தட்டினால் லேசாகச் சுற்றுகிற அளவுக்கு இருந்தால் போதும். வண்டி சாய்ந்தால் லீவர் ஒடியாமல் சுற்றிக்கொள்ளும், நிமிர்த்தித் திரும்ப நேராக்கிவிட்டுக் கிளம்பலாம். மண் ரோட்டில் ஓட்டுகிறவர்கள் பல வருஷமாகச் செய்கிற வேலை, கடையில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள், ஏனென்றால் இதில் விற்க எதுவும் இல்லை.

ஹேண்டிலை உயர்த்தி வைக்கிற ரைசர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நின்றுகொண்டு ஓட்டும்போது முதுகு வளைகிறது என்றால் மட்டும் போடுங்கள், உட்கார்ந்தே ஓட்டுகிறவருக்கு அது வீண். 450-இல் ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் கிடையாது, மின் வயர் வழியாகவே சிக்னல் போகிற ரைடு பை வயர், அதனால் அந்தப் பக்கம் வயர் இழுபடாமல் இருந்தால் சரி. ஆனால் கிளட்ச் கேபிளும் முன் பிரேக் ஹோஸும் இருக்கின்றன. ரைசர் போட்டு முடித்ததும் ஹேண்டிலை இடது கடைசி, வலது கடைசி வரை திருப்பி எங்கேயாவது விறைக்கிறதா என்று பாருங்கள். ஒரு இன்ச் வரை பிரச்சினை வராது என்று கடைக்காரர் சொல்வார். சொல்லட்டும், நீங்கள் திருப்பிப் பாருங்கள்.

கிராஷ் கார்டு கட்டாயம் என்றேன். இந்த வண்டியின் எடை 196 கிலோ, பெட்டியும் சாமானும் ஏற்றினால் இன்னும் மேலே, ஓட்டும்போது விழுவதைவிட பெட்ரோல் பங்கில் சரியாக ஸ்டாண்டு போடாமல் சாய்ப்பவர்கள்தான் அதிகம். வாங்கும்போது பைப்பின் தடிமனைத் தட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் எத்தனை இடத்தில் ஃபிரேமோடு பிடிக்கிறது என்று பாருங்கள். ஒரே போல்ட்டில் தொங்குகிற மாதிரி இருந்தால் விழுகிற அடி முழுவதும் அந்த ஒரு புள்ளிக்கே போய்ச் சேரும், கார்டு பிழைத்து ஃபிரேம் வளைவதற்கு வாய்ப்பு உண்டு. இடமும் வலமும் குறுக்குக் கம்பியால் இணைந்திருக்கிற டிசைன் நல்லது. ராயல் என்ஃபீல்டின் சொந்த கார்டு விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஓட்டைகள் கச்சிதமாக உட்காருகின்றன, வாரண்டி பேச்சும் வராது. வெளிக் கார்டு ஒன்றை நண்பர் வண்டிக்கு மாட்டினோம், ஒரு பக்க ஓட்டை சேரவே இல்லை, கடையில் ரவுண்டு ஃபைல் வைத்துத் தேய்த்து ஓட்டையைப் பெரிசாக்கி உள்ளே தள்ளினார்கள். பெயின்ட் போன அந்த இடம் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்தது.

ஹேண்ட் கார்டில் இரண்டு ஜாதி உண்டு. பிளாஸ்டிக் மட்டும் இருப்பது காற்றுக்கும் மழைக்கும், உள்ளே அலுமினியப் பட்டை ஓடுவது விழும்போது லீவரைக் காப்பாற்றுவதற்கு. இரண்டாவதை வாங்குங்கள். ரேடியேட்டர் கார்டும் தேவைதான், 21 இன்ச் முன் சக்கரம் ஜல்லியை நன்றாகவே வீசும், லிக்விட் கூல்டு என்ஜினில் ரேடியேட்டர் ஒழுகினால் பயணம் அங்கேயே முடிந்தது. ஆனால் கொசுவலை மாதிரி நெருக்கமான மெஷ் வேண்டாம். மே மாத வெயிலில், டிராஃபிக்கில், ஃபேன் ஓயாமல் ஓட ஆரம்பித்துவிடும்.

விளக்குக்கு வருவோம், பணமும் எரிச்சலும் அதிகம் போகிற இடம் இதுதான். சென்னை ஜி.பி. ரோட்டில் நடந்தால் ஆக்சிலரி லைட், அதாவது கூடுதல் விளக்கு, இல்லாத கடையே கிடையாது, அரை மணி நேரத்தில் மாட்டித் தருவார்கள். அந்த அரை மணி நேரம்தான் ஆபத்து. நான் போன ஒரு கடையில் பையன் வண்டியின் ஒரிஜினல் வயரை பிளேடால் சீவி, புது வயரைச் சுற்றி, மேலே கறுப்பு டேப் ஒட்டப் போனார், ‘எல்லா வண்டிக்கும் இப்படித்தாண்ணா பண்றோம்’ என்றார். கையைப் பிடித்து நிறுத்திவிட்டு விளக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். தலா 40 வாட் என்று இரண்டு விளக்கு போட்டால் 80 வாட், 12 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 7 ஆம்பியர். ஹேண்டிலில் இருக்கிற சின்ன சுவிட்ச் வழியாக இதை ஓடவிடக் கூடாது. பேட்டரியிலிருந்து நேராக ஒரு லைன், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ், அதற்குப் பிறகு ரிலே, அதாவது சின்ன சிக்னலில் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச். ஹேண்டில் சுவிட்ச் ரிலேயை மட்டும் தட்டும். ரிலேக்கான சிக்னலை சாவி போட்டால்தான் உயிர் வருகிற லைனிலிருந்து எடுத்தால், விளக்கை அணைக்க மறந்து பேட்டரி செத்துப்போகிற கதையே வராது. வண்டியின் ஒரிஜினல் வயரை வெட்டாமல் சாக்கெட்டுக்கு இடையில் மாட்டுகிற ரெடிமேட் ஹார்னஸ் (வயர் தொகுப்பு) கிடைக்கிறது. கூடுதல் காசு என்றாலும் அதையே எடுங்கள், வாரண்டியில் பேச்சு வராமல் இருப்பதற்கே அந்தக் காசு.

மஞ்சளா வெள்ளையா என்று ஒரு விவாதம் எப்போதும் ஓடும். கொடைக்கானல் மூடுபனியில் இரண்டையும் வைத்து ஓட்டிப் பார்த்ததில் எனக்குப் பட்டது, நிறத்தைவிட விளக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதுதான் முக்கியம். பனியின் நீர்த்துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கின்றன. விளக்கு கண் மட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சிதறிய வெளிச்சம் நேராகத் திரும்பி முகத்துக்கே வரும், கீழே கிராஷ் கார்டில் இருந்தால் ரோட்டோரக் கோடு தெரியும். மஞ்சள் கண்ணுக்கு உறுத்தல் குறைவு, அவ்வளவுதான். எதிரே வருகிறவருக்குக் கண் கூசாமல் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். செக்போஸ்டில் போலீஸ் கேட்டால் ‘ஊட்டிக்குப் போறேன் சார்’ என்பது பதில் ஆகாது. கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. சத்தமான சைலன்சர் போட ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுங்கள். எனக்கு அதில் ஆர்வம் இல்லை, விடிகாலையில் தெருவையே எழுப்பிவிட்டுக் கிளம்புவதில் என்ன பெருமை என்று இன்னும் புரியவில்லை.

மொபைல் ஹோல்டர் வாங்கினால் அதிர்வு தாங்குகிற ரப்பர் அடாப்டரோடு வாங்குங்கள். பைக் என்ஜின் அதிர்வில் கேமரா ஸ்டெபிலைசேஷன் கெட்டுப்போகலாம் என்று ஆப்பிள் 2021-இலேயே எச்சரித்தது. இந்த வண்டியில் மீட்டர் இருக்கிற டிரிப்பர் டேஷ் திரையில் கூகுள் மேப்பே வருகிறது, யூ.எஸ்.பி. சி போர்ட்டும் இருக்கிறது, அதனால் போனை பாக்கெட்டில் வைத்துக்கொண்டே வழி பார்க்கலாம். போன் சூடாகும், சார்ஜ் இறங்கும், அது ஒரு தொல்லைதான், ஆனாலும் நான் ஹோல்டரைக் கழற்றி வைத்துவிட்டேன்.

பெட்டியா பையா? அலுமினியப் பெட்டி மூன்றும் மாட்டிய ஹிமாலயனைப் பார்த்தால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஊர் ரோட்டுக்கு நான் பை கட்சி. பெட்டியின் அகலம் ஹேண்டிலைவிடப் பின்னால் அதிகமாகிவிடுகிறது, தாம்பரம் டிராஃபிக்கில் முன்பக்கம் நுழைகிற இடத்தில் பின்பக்கம் நுழையாது. இரண்டாவது, மண்ணில் வழுக்கிக் கால் ஊன்றும்போது கால் பெட்டிக்கு அடியில் மாட்டினால் எலும்பு தாங்காது, பை என்றால் கொடுத்துக்கொள்ளும். மூன்றாவது காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலையில் டாப் பாக்ஸ் மாட்டிக்கொண்டு திருநெல்வேலியைத் தாண்டி ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போய்ப் பாருங்கள், காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. பக்கவாட்டுக் காற்று பெட்டியைப் பிடித்துத் தள்ளும், பின்பக்கம் ஆடினால் முன்பக்கம் லேசாகும், 80-க்கு மேல் போகவே மனசு வராது. டாப் பாக்ஸுக்கு ஆதரவாக ஒரே ஒரு ஓட்டு உண்டு, பின்னால் உட்காருகிற வீட்டம்மாவுக்கு முதுகு சாய இடம் கிடைக்கிறது. அந்த ஒரு ஓட்டே ஜெயித்துவிடுகிற வீடுகள் நிறைய. அப்படியானால் அதில் துணி மாதிரி லேசானதை மட்டும் போடுங்கள்.

பை வாங்கும்போது அதைத் தள்ளிப் பிடிக்கிற கம்பியான சேடில் ஸ்டே கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் பை சக்கரத்துப் பக்கம் சாயும், வலது பக்கம் சைலன்சர் வேறு இருக்கிறது, உருகும். ஸ்பேனர், தண்ணீர் மாதிரிக் கனமானவை கீழேயும் முன்னாலேயும், டேங்க் பக்கத்து ரேக் இருந்தால் அதில். டேங்க் நிறைந்தால் 17 லிட்டர், அதுவே பன்னிரண்டு கிலோவுக்கு மேல் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் டேங்க் பேக்கில் சாமான் குவித்தால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசியிலும் மெதுவாகத் திரும்பும்போது வண்டி உள்பக்கம் விழப் பார்க்கும். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம், பக்கிள் வைத்த பட்டை வாங்குங்கள். பையின் மழைக் கவரை நம்புவதைவிட உள்ளே தண்ணீர் புகாத டிரை பேக் ஒன்று போடுவது மேல்.

உயரமான விண்ட்ஸ்கிரீன் பற்றி விற்பவர்கள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. நெஞ்சில் காற்று படாமல் தடுப்பது குளிர் ஊருக்குச் சுகம். அக்னி நட்சத்திரத்தில் விழுப்புரம் தாண்டிப் போகும்போது ஜாக்கெட்டுக்குள் காற்றே வராமல் வெந்துபோவீர்கள். ஹெல்மெட் தடதடவென்று ஆடுகிறது என்பதுதான் பிரச்சினை என்றால், இருக்கிற ஸ்கிரீனிலேயே கிளிப் மாட்டுகிற சின்ன எக்ஸ்டெண்டர் போதும், ஊருக்குள் கழற்றி வைக்கலாம்.

லிஸ்டில் யாரும் கவனிக்காதது சைடு ஸ்டாண்டுக்கு அடியில் மாட்டுகிற அகலத் தகடு. விலை கம்மி, ஈ.சி.ஆர். மணலிலும் வெயிலில் இளகிய தாரிலும் வண்டி சாயாமல் நிற்கும். நான் மாட்டியதிலேயே கொடுத்த காசுக்கு அதிக நிம்மதி தந்தது இதுதான்.

எதை மாட்டினாலும் போல்ட் அதிர்வில் கழலாமல் பிடிக்கிற பசையான லாக்டைட்டில் நீல நிறத்தை ஒரு சொட்டு விடுங்கள், சிவப்பு வேண்டாம், அப்புறம் கழற்றவே முடியாது. முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். கடையில் மாட்டியது என்றால் கண்டிப்பாகப் பாருங்கள்.

டயர் விஷயம். 2023-இல் இந்த வண்டி வந்தபோது ஸ்போக் சக்கரத்தில் டியூப்தான், 2024-இல் டியூப்லெஸ் ஸ்போக் சக்கரம் வந்தது. டியூப் வைத்திருப்பவர்கள் முன் சக்கரத்துக்கான 21 இன்ச் டியூப் ஒன்றை மட்டும் பையில் வையுங்கள், அவசரத்துக்குப் பின்னால் இருக்கிற 17 இன்ச் டயருக்குள்ளும் மடக்கித் திணித்து மெதுவாக அடுத்த ஊர் வரை போய்விடலாம். 17 இன்ச் டியூப் முன்னால் ஏறாது. டயர் லீவர் இரண்டு, பேட்டரியில் ஓடுகிற குட்டி ஏர் பம்ப் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வால்பாறை ரோட்டில் பஞ்சர் கடை தேடுவதற்குள் இருட்டிவிடும், யானை நடமாட்டம் வேறு. நான் அடுத்து மாற்றப்போவது டியூப்லெஸ் சக்கரம்தான். ஆனால் இப்போது இருக்கிற டயர் தேயட்டும், புது டயரோடு சேர்த்து மாட்டினால் ஒரே கூலியில் முடிந்துவிடும்.