இறால் கம்போ: வறுத்த மாவா, வெண்டைக்காயா?

கம்போ என்பது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் குழம்பு. அங்குள்ள பிரெஞ்சு வழிவந்த கேஜன் மக்களின் இறால் கம்போவைக் கெட்டியாக்க வீட்டில் இரண்டு வழிகள் உண்டு. எண்ணெயும் மைதாவும் சம அளவு சேர்த்துச் சாக்லெட் நிறம் வரும்வரை வறுப்பது ஒன்று. செலவு சொற்பம், ஆனால் அரை மணி நேரத்துக்குக் கரண்டியைக் கீழே வைக்க முடியாது. கருகினால் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

வெண்டைக்காய்க்கு அந்தக் காவல் தேவையில்லை. உறைந்த பாக்கெட்டே போதும். வழவழப்பு அடங்கத் தனியே வதக்கி, வெங்காயம், செலரி, குடைமிளகாயோடு வேகவிடலாம். வறுபட்ட மாவின் ஆழ்ந்த மணம் கிடைக்காதுதான். வார நாள் இரவில் அதற்காக யார் ஏங்குவது? என் வாக்கு வெண்டைக்காய்க்கே.

எதுவானாலும் இறாலின் தலையையும் ஓட்டையும் வீசாதீர்கள்: 20 நிமிடம் கொதிக்கவைத்தால் காசில்லாமல் சாறு. இறாலைக் கடைசி 5 நிமிடத்தில் போடுங்கள். முன்பே போட்டால் ரப்பர்தான்.