ஐந்து டாக்டரா, ஒரே டாக்டரா?

அம்மாவுக்கு 71 வயது. சுகர், பி.பி., தைராய்டு, முட்டி வலி. போன வருடம் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறியது. மூன்று வழிகளிலும் போய்ப் பார்த்துவிட்டோம்: பெரிய தனியார் மருத்துவமனையில் நோய்க்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட், அரசின் மக்களைத் தேடி மருத்துவம், பக்கத்துத் தெருவில் ஒரு எம்.டி. பொது மருத்துவர். இப்போது மூன்றாவதில்தான் இருக்கிறோம். அதனால் என் தராசு கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.

செலவு, அலைச்சல் எல்லாம் உங்களுக்கே தெரியும். பெரிய மருத்துவமனையில் ஸ்கேன், லேப் எல்லாம் ஒரே கட்டடத்தில் உண்டு. ஆனால் மாடிக்கு மாடி டோக்கன்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுகர், பி.பி. மாத்திரை காசில்லாமல் வாசலுக்கே வரும். நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. அம்மா ஊரில் சித்தி வீட்டில் இருந்த நான்கு மாதமும் அந்தத் தன்னார்வலர் பெண் வந்து பி.பி. பார்த்துவிட்டுப் போவார். மாத்திரை தவறியதே இல்லை. ஆனால் தைராய்டு, முட்டி என்று நாங்கள் வேறு டாக்டரிடம்தான் போனோம். நான்கு மாதத்தை வைத்துக்கொண்டு இதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

எங்களுக்கு முடிவைத் தந்தது ஒரே கேள்விதான்: மொத்த மாத்திரையையும் யார் பார்க்கிறார்கள்?

முதல் நாளே இந்தப் பக்கத்துத் தெரு டாக்டர், "சீட்டு இருக்கட்டும். வீட்ல இருக்கற எல்லா மாத்திரையையும் பையில போட்டு எடுத்துட்டு வாங்கம்மா" என்றார். மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தோம். 14 அட்டைகள். இரண்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். மேலே பெயர் வேறு வேறு. பின்னால் பொடி எழுத்தில் இரண்டிலும் டெல்மிசார்டான் என்ற ஒரே பி.பி. மருந்து. இதய டாக்டர் ஒன்று, சுகர் டாக்டர் ஒன்று எழுதியிருக்கிறார்கள். அப்புறம் அம்லோடிபின், அதுவும் பி.பி.க்குத்தான். அதனால் கால் வீங்கும் என்றார். அந்த வீக்கத்துக்குத்தான் இன்னொருவர் நீர் பிரியும் மாத்திரை கொடுத்திருந்தார். அதைப் போட்டு அம்மா ராத்திரி நாலு தடவை எழுந்துகொண்டிருந்தார். முட்டிக்கு அசிக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வேறு. டெல்மிசார்டான், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு அடி. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் கேள்விப்படாத மாத்திரை இல்லை. ஐந்து பைலையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

14 இப்போது 9. கிரியாட்டினின் 1.6-லிருந்து 1.3-க்கு வந்திருக்கிறது. மாத்திரை குறைந்ததாலா, அம்மா ஒழுங்காகத் தண்ணீர் குடிப்பதாலா, அடித்துச் சொல்ல மாட்டேன். (இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். எங்களுக்கும் ஒவ்வொன்றாக, டெஸ்ட் பார்த்துப் பார்த்துத்தான் மாற்றினார்.)

ஸ்பெஷலிஸ்ட்டே வேண்டாம் என்று ஆகிவிடவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரை பார்க்க எங்கள் டாக்டரே கண் டாக்டருக்கு எழுதி அனுப்புகிறார். ரிப்போர்ட் அவரிடமே திரும்பி வரும். ஸ்டென்ட் வைத்தவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள் கணக்கு வேறாக இருக்கலாம். எங்களுக்கு அந்த அனுபவம் இல்லை. நடுராத்திரி மூச்சுத் திணறினால் நாங்களும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவோம். ஒற்றை டாக்டர் என்பதால், மே மாதம் அவர் பத்து நாள் ஊருக்குப் போனபோது திண்டாடினோம்.

போன வாரம் கண் டாக்டர் ஏதோ சத்து மாத்திரை எழுதினார். அம்மா சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "எங்க டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போட்டுக்கறேன்" என்று எழுந்துவிட்டார்.