கேசட்டிலிருந்து கணினிக்கு: ஸ்டீரியோ எந்த ஜாக்கில் தொலைகிறது?

பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற முனைகிறவர்களின் புகார்கள் பெரும்பாலும் மூன்றே வகை. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருகிறது. இடப்பக்கம் மட்டும் பாடுகிறது, வலப்பக்கம் ஊமை. அல்லது பாட்டு முழுக்கக் கரகரக்கிறது. உடனே பழி மென்பொருள்மீது விழுகிறது. ஆடாசிட்டியை நீக்கிவிட்டு வேறொன்றை நிறுவுகிறார்கள், அதிலும் அதே கதை. ஸ்டீரியோ, அதாவது இடது, வலது என்று இரண்டு தனித் தடங்களில் வரும் ஒலி, தொலைவது பெரும்பாலும் கம்பி நுழையும் இடத்தில்தான். அங்கே போன தடத்தை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. அதனால் இங்கே ஒப்பிடப்போவது ஒலி கணினிக்குள் வரும் வழிகளை.

முதலில், வந்தது ஸ்டீரியோதானா என்று சோதிக்க வேண்டும். திரையில் இரண்டு அலைக்கோடுகள் தெரிவது சான்று ஆகாது. ஒரே ஒலியின் இரண்டு நகல்களாகவும் அவை இருக்கலாம். ஆடாசிட்டியில் இரண்டு தடங்களையும் தனித்தனி மோனோவாக (ஒற்றைத் தட ஒலியாக) பிரித்து, ஒன்றை மட்டும் ‘இன்வர்ட்’ செய்து (அலையைத் தலைகீழாக்கி), பிறகு இரண்டையும் கலந்து பாருங்கள். முழு அமைதி வந்தால் நகல்தான். இதில் ஒரு நுட்பம் உண்டு. கேசட்டே மோனோவாகப் பதிவானது என்றாலும், ஸ்டீரியோ பிளேயரில் ஓடும்போது நாடாவின் இரைச்சல் இரண்டு தடங்களிலும் வேறுவேறாக இருக்கும். கழித்த பிறகும் ‘ஸ்ஸ்’ என்று மிஞ்சும். பிளேயர் ஸ்டீரியோவாக இருந்தும் அந்த இரைச்சல்கூட மிஞ்சவில்லை என்றால் நாடாவைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு அதற்குப் பின்னால் இருக்கிறது.

இனி வழிகள். எல்லோரும் முதலில் முயல்வது மடிக்கணினியின் ஒற்றை ஜாக். அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. அதற்குள் நான்கு தொடுமுனைகள்: இடது, வலது, தரை (கிரவுண்ட்), மைக். உள்ளே வரும் பாதை ஒன்றே ஒன்று. ஸ்டீரியோ உள்ளே வர அங்கே வழியே கிடையாது. கேசட் பிளேயரிலிருந்து வரும் மூன்று முனைப் பின்னைச் செருகினால் அதன் அடிப்பகுதி தரையையும் மைக்கையும் சேர்த்தே தொட்டுவிடும். கணினி அதை ஹெட்போன் என்று எடுத்துக்கொண்டு, தன் உள் மைக்கிலிருந்தே பதிவைத் தொடரும். பாட்டுக்குப் பதில் மின்விசிறிச் சத்தம் பதிவாவதன் மர்மம் இதுதான். மைக்கையும் ஹெட்போனையும் தனித்தனியாக்கும் பிரிப்பான் கம்பி போட்டால் பாட்டு வரும், ஒரு தடம் மட்டும். அதுவும் கரகரப்பாக வரலாம். மைக் எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். பிளேயரின் லைன்-அவுட் (ஒலி வெளிவரும் ஜாக்) தருவதோ சுமார் 0.3 வோல்ட்.

பழைய மடிக்கணினிகளில் தனியாக இருக்கும் இளஞ்சிவப்பு மைக் ஜாக்கும் பெரும்பாலும் இதே ரகம். பின்னின் நுனியில் ஒலி, நடு வளையத்தில் மைக்குக்கான மின்சாரம். விண்டோஸ் பெருந்தன்மையாக அதை 2 சேனல் (இரண்டு தடம்) என்று காட்டும். இரண்டிலும் இருப்பது ஒன்றே.

மேசைக்கணினி வைத்திருப்பவர்கள் பணப்பையைத் திறக்கும் முன் பெட்டியின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். நீல நிற ஜாக் இருந்தால் அதுதான் லைன்-இன், பிளேயர் போன்றவற்றின் ஒலியை வாங்கும் ஜாக். மைக்ரோசாஃப்டும் இன்டெலும் சேர்ந்து வகுத்த பிசி 99 நிற ஒழுங்கில் நீலம் லைன்-இன், இளஞ்சிவப்பு மைக், பச்சை ஸ்பீக்கர். நீலம் உண்மையான ஸ்டீரியோ, கூடுதல் செலவும் இல்லை. முன்புறத்தில் கைக்கு எட்டும்படி இருப்பது பெரும்பாலும் மைக்கும் ஹெட்போனும் மட்டுமே என்பதால் பலர் அங்கேயே செருகிவிட்டு அலுத்துப்போகிறார்கள். இந்த வழியின் குறை, பெட்டிக்குள் இருக்கும் மின்னிரைச்சலும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும். பிளேயரையும் கணினியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் ரீங்காரம் பல சமயம் குறைகிறது.

கடையில் மலிவாகக் கிடைக்கும் விரல்நீள யூஎஸ்பி ஒலி அடாப்டரை இந்த வேலைக்கு வாங்க வேண்டாம். அட்டையில் ஸ்டீரியோ என்றோ 7.1 என்றோ எழுதியிருப்பது வெளியே போகும் ஒலிக்கு. இவ்வகையில் பரவலாக உள்ள சி-மீடியா சிஎம்108 சில்லுக்கு உள்ளீடு ஒரே தடம்தான்.

மடிக்கணினிக்காரர்களுக்கு நான் சொல்வது சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ உள்ளீடு கொண்ட சிறு யூஎஸ்பி பெட்டி. பெரிங்கரின் யூசிஏ202, யூசிஏ222 இந்த இனம். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை பதியும். 24 பிட் இல்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: 16 பிட் கொள்ளும் ஒலி வீச்சு சுமார் 96 டெசிபல்; சாதாரணக் கேசட் அதற்கு வெகு கீழேயே நின்றுவிடுகிறது. இதில் உள்ளீட்டு அளவைக் குறைக்கக் குமிழ் இல்லை. ஹெட்போன் ஜாக்கிலிருந்து எடுத்தால் பிளேயரின் ஒலியளவையே குறைத்து வைக்க வேண்டும். இன்னொரு பொறி விண்டோஸில்: இத்தகைய பெட்டியை அது ‘மைக்ரோபோன்’ என்று பெயரிட்டு 1 சேனலாக அமைத்துவிடக்கூடும். ஒலி அமைப்புகளில் ரெக்கார்டிங் பகுதிக்குப் போய், அந்தச் சாதனத்தின் அட்வான்ஸ்டு பக்கத்தில் 2 சேனல், 44100 ஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள். ஒலி மேம்பாட்டு வசதிகள் அனைத்தையும் அணையுங்கள். இரைச்சல் நீக்கம் பேச்சுக்கு உருவானது, வீணையையும் இரைச்சல் என்று நினைக்கும். ஆடாசிட்டியிலும் 2 சேனல் தேர்ந்திருக்க வேண்டும். விண்டோஸும் ஆடாசிட்டியும் ஒத்துப்போனால்தான் ஸ்டீரியோ.

ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்ற இசைக்கலைஞர்களின் இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் எடுக்கும் பெட்டி) தரத்தில் இதைவிட மேல். ஆனால் கேசட்டுக்காகவே வாங்குவது வீண் செலவு. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பயன்படுத்தலாம். அதில் ஒரு விசித்திரமான விபத்து நேரும்: வாத்தியங்கள் கேட்கும், பாடகர் காணாமல் போயிருப்பார். ஸ்டீரியோ கம்பியை ஒரே உள்ளீட்டில் செருகியதன் விளைவு அது. அந்தச் சமன் உள்ளீடு நுனிக்கும் வளையத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுக்கும். நடுவில் நிற்கும் குரல் இரண்டு தடங்களிலும் ஒரே அளவு என்பதால் கழிந்துபோகிறது. ஒரு ஸ்டீரியோ பின், இரண்டு மோனோ பின்கள் கொண்ட ஒய் கம்பி போட்டால் பாடகர் திரும்பி வருவார்.

நேராக யூஎஸ்பியில் மாட்டும் கையடக்கக் கேசட் பிளேயர்கள் வசதியானவை, ஆனால் பலவற்றில் வேகம் தள்ளாடும். நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையில் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

சிவப்பு, வெள்ளைப் பின்கள் உள்ள வழியில் ஒரு பக்கம் ஊமையானால் அவற்றைக் கணினிப் பக்கத்தில் இடம் மாற்றுங்கள். ஊமைப் பக்கமும் இடம் மாறினால் பழுது கம்பியிலோ பிளேயரிலோ. மாறாவிட்டால் கணினிப் பக்கம்.

கல்யாணக் கச்சேரி, குழந்தையின் மழலை என்று வீட்டில் பதிந்த நாடாக்களில் பல ஒற்றை மைக்கில் எடுத்தவை, ஆகவே மோனோ. அவற்றுக்கு ஸ்டீரியோவைத் தேடி உயிரை விட வேண்டாம். ஆனாலும் இரண்டு தடங்களாகவே உள்ளே எடுங்கள்: ஒரு மணி நேரம் சுமார் 635 மெகாபைட், இன்றைய வட்டில் அது ஒன்றுமில்லை. நாடாவின் ஓரம் நைந்து ஒரு தடம் மங்கியிருக்கலாம். கேட்டுப் பார்த்து, தெளிவான தடத்தை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம்.